மணலுக்கு எந்த வண்டில்?

ஆடி மாதம் மூத்த மகள் லண்டனிலிருந்து வந்தபோது வானின் மேல்தட்டில் ஒரு பெரிய பொதி கட்டியிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்புப் பக்கத்தில் எங்கள் ஊரான குருக்கள்மடம் வரை ஓர் இரவுப் பயணம். பொலித்தீன் முழுக்கப் புழுதி. முற்றத்தில் இறக்கிக் கயிற்றை வெட்டினோம். உள்ளே இரட்டைப் பிள்ளை வண்டில். இரண்டு இருக்கையும் அருகருகே. மேலே கறுப்புத் துணியில் இரண்டு கூரை, கீழே உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சில்லுகள். லண்டன் ஹரோவில் தன் பிள்ளைகள் இருவரையும் வைத்துத் தள்ளித் திரிந்த வண்டில் அது. அவர்கள் இப்போது ஓடித் திரிகிறார்கள். “தங்கச்சிக்கு விட்டுட்டுப் போறன் அம்மா” என்றாள்.

இளையவளுக்கு ஆனி மாதத் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். அவளுடைய மூத்தவனுக்கு இன்னும் 2 வயது ஆகவில்லை; நடப்பான், ஓடுவான், பத்து அடி போனதும் “தூக்கு” என்று இரண்டு கையையும் நீட்டுவான். மருமகன் கட்டாரில். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த பெண் தாய் வீட்டு வளவிலேயே இருப்பாள். ஆகவே பெரியவர் என்று பக்கத்தில் இருப்பது நான் ஒருத்தி. எனக்கு 63 வயது. வலது முழங்கால் மடங்காது. அந்த வண்டிலைக் கண்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நான் 1991 முதல் 2022 வரை குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். பாதிக் காலம் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்களில். சைக்கிளோடு குருக்கள்மடத்துத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து வயல் வீதிகளில் வீடு வீடாகப் போய் வருவேன். பிள்ளைகளின் நீளம் பார்த்த நாடா இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதை எடுத்து வண்டிலை அளந்தேன். அகலம் 76 சென்ரிமீற்றர். அறைக் கதவு 2 அடி 6 அங்குலம். அதுவும் 76 சென்ரிமீற்றர்தான். தள்ளினால் இரண்டு பக்கமும் நிலையில் உரசி நின்றது. பக்கத்துக் கேற் இன்னும் ஒடுக்கம். ஆட்டோவுக்குள் நிமிர்த்தியும் போகவில்லை, மடித்தும் போகவில்லை. மடித்தபிறகும் அது ஒரு கதவின் அளவு.

சரி, உள்ளே வராவிட்டால் திண்ணையில் நிற்கட்டும், வெளியே போக உதவும் என்று பெரிய கேற்றால் வீதிக்கு இறக்கினோம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து தார் வீதிக்கு ஏறக்குறைய 200 அடி. முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணற்திட்டி. எழுவான்கரை ஊர்கள் எல்லாமே அப்படித்தான். வண்டில் 14 கிலோ. பேரன் 11 கிலோ 400 கிராம். பேத்தி அப்போது 4 கிலோ 300 கிராம். மொத்தம் 29 கிலோ 700. மூத்தவள்தான் தள்ளினாள், கையில் பலமுள்ளவள். பத்தாவது அடியில் முன் சில்லு இரண்டும் குறுக்கே திரும்பிப் புதைந்தன. பின்னால் வந்த நான் குனிந்து பார்த்தேன். புதைந்த சில்லு உருளவில்லை. தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டைக் குவித்து, அதைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. தள்ளத் தள்ள மேடு பெரிதாகிக்கொண்டே போனது. பேரனுக்கு ஒரே சிரிப்பு. மகள் திருப்பி நின்று பின்பக்கமாக இழுத்துப் பார்த்தாள். அது கொஞ்சம் சுகமாயிருந்தது. ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல், முன்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் இழுப்பது?

எங்கள் சிறுவயதில் வயலிலிருந்து நெல் ஏற்றி வந்த மாட்டு வண்டிலின் சில்லு என் நெஞ்சுயரம் இருக்கும். மணலிலும் சேற்றிலும் பாரம் இழுக்க வேண்டுமென்றால் சில்லு பெரிதாக இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பெரிய சில்லு மேட்டின் மேல் ஏறும், சின்னச் சில்லு மேட்டில் முட்டும். பிள்ளை வண்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறம், துணி, கூரை, பால் போத்தல் வைக்கும் இடம். நான் சொல்வேன், முதலில் குனிந்து சில்லைப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து உங்கள் வாசலைப் பாருங்கள்.

இதை எழுதக் காரணம், எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இப்போது வண்டில்கள் வரத் தொடங்கிவிட்டன. கனடா, லண்டன், சுவிஸ் என்று பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. அவர்கள் அன்போடு அனுப்புகிறார்கள். பாதி வண்டில்கள் தாவாரத்தில் கோழி அடைகாக்கும் இடமாகக் கிடக்கின்றன. “எங்கட ஊருக்கு இதெல்லாம் சரிவராது, இடுப்பு இருக்குது தானே” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை.

இடுப்பு யாருடையது? வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்த தாய்க்கு ஆறு கிழமைக்காவது கைக்குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்லி அனுப்புகிறோம். வீட்டில் 11 கிலோவில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குத் தையல் தெரியுமா? அவன் அழுதால் தாய் தூக்குவாள். 31 வருஷத்தில் அப்படித் தூக்கிப் புண் ஆறாமல் திரும்பி வந்த தாய்மாரை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். முன்பு அந்த இரண்டாவது பிள்ளையைத் தூக்க வீட்டில் அம்மம்மா, சின்னம்மா, மச்சாள் என்று ஐந்தாறு இடுப்பு இருந்தது. இப்போது சின்னம்மா சவூதியில், மச்சாள் கட்டுநாயக்காவில் கார்மெண்ட்ஸ் வேலையில். மிஞ்சியிருப்பது முழங்கால் மடங்காத அம்மம்மா.

நானும் தூக்கியவள்தான். 1990 ஆனி மாதம் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது மூத்தவளுக்கு 2 வயது, இளையவளுக்கு 2 மாதம். இன்றைக்கு இளையவளின் வீட்டில் இருக்கும் ஏறக்குறைய அதே வயதுகள். சேலைத் தலைப்பால் சின்னவளை நெஞ்சோடு கட்டி, பெரியவளை இடுப்பில் இருத்தி, தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனோம். கரையேறி நடந்த தூரம் எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. பெரியவளின் கால் என் விலாவில் இடித்த இடம் மட்டும் நினைவில் இருக்கிறது. இடது இடுப்பில் அன்று பிடித்த நோ ஒவ்வொரு மாரிக்கும் வரும். அதைப் பெருமையாக என் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. அவர்களும் அப்படித் தூக்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

எனவே சில்லு வேண்டும். எந்தச் சில்லு என்பதுதான் கேள்வி.

வண்டில்களைப் பற்றி மூத்த மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரட்டை வண்டிலில் இரண்டு மாதிரி. ஒன்று அருகருகே இருக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கு அது மிக நல்லது. இருவருக்கும் ஒரே காட்சி, ஒரே காற்று. அகலம் 70 முதல் 80 சென்ரிமீற்றர் வரும். மற்றது முன்னும் பின்னுமாக இருக்கும். அகலம் குறைவு, கதவால் போகும். ஆனால் நீளம் கூட. ஒரு படியில் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்க வேண்டும், அங்கேதான் பெரிய பிள்ளையின் முழுப் பாரமும் இருக்கும். பின்பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் காட்சி. இவை இரண்டும் தவிர, ஒற்றை வண்டிலுக்குப் பின்னால் ஒரு சிறிய சில்லுப் பலகையைக் கொழுவி, பெரிய பிள்ளையை அதில் ஏறி நிற்க வைக்கும் முறையும் இருக்கிறது. ஹரோவின் நடைபாதையில் அது நன்றாக ஓடுமாம். எங்கள் மணலில் அந்தப் பலகை கலப்பைதான்.

எந்த மாதிரியானாலும் கைக்குழந்தையின் இருக்கை முற்றாகப் படுக்க வேண்டும். இதைக் கொட்டை எழுத்தில் சொல்ல ஆசை. தலை நிற்காத பிள்ளையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தாடை நெஞ்சில் குத்தும்; மூச்சுக்குழாய் மடியும். பிள்ளை நித்திரை என்று தாய் நினைப்பாள். தலை நிற்க 4 மாதம் ஆகும், தானாக உட்கார 6 மாதத்துக்கு மேல். அதுவரை பிள்ளைக்குப் படுக்கைதான் வேண்டும். மலிவாக வரும் வண்டில்களில் இருக்கை முக்கால்வாசிதான் சாயும். கடையில் நிற்கும்போதே சாய்த்துப் பாருங்கள்.

வண்டில்களின் கதை நெடியது. 1733இல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ற் செய்த வண்டில், ஆடோ சின்னக் குதிரையோ பூட்டி இழுக்கும் மாதிரியானது. தாய் கையால் தள்ளும் வழக்கம் பிறகுதான் வந்தது. குடை மாதிரி மடங்கும் வண்டிலை 1965இல் கண்டுபிடித்தவர் ஓவன் மக்லாரன். உலகப் போரில் பறந்த ஸ்பிற்ஃபயர் விமானத்தின் சில்லுக்கால்களில் வேலை செய்த பொறியியலாளர் அவர். பேரப்பிள்ளையோடும் பாரமான வண்டிலோடும் பயணம் செய்த மகள் பட்ட கஷ்டத்தைக் கண்டுதான் அதைச் செய்தாராம். அவர் செய்த முதல் வண்டிலின் நிறை 6 இறாத்தல், 3 கிலோகூட இல்லை. மகளின் கஷ்டத்தைப் பார்த்த ஒரு தாத்தாவின் கைவேலை என்பதால் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். அதே பெயரில் வந்த வண்டில்களில் மடிக்கும் மூட்டில் பிள்ளைகளின் விரல் நுனி நசுங்கித் துண்டான சம்பவங்களால் 2009இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 இலட்சம் வண்டில்களைத் திருப்பி அழைத்து மூட்டுக்கு உறை போட்டுக் கொடுக்க வேண்டி வந்ததும் உண்மை. வண்டிலை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் நடக்கத் தெரிந்த பிள்ளையை எட்ட நிற்பாட்டுங்கள். இன்னொருவர் கையில் கொடுங்கள்.

லண்டனில் இந்த அகல வண்டிலோடு மகள் எப்படித் திரிந்தாள் என்று கேட்டேன். அங்கே பஸ்ஸின் தளம் தாழ்ந்தது. சக்கர நாற்காலிக்கென்று சரிவுப் பலகை நீளும். நடைபாதை வீதியைக் கடக்கிற இடத்தில் விளிம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸின் நடுவில் சக்கர நாற்காலிக்கான இடம் வெறுமையாக இருந்தால் பிள்ளை வண்டிலை அங்கே நிறுத்தலாம். அந்த இடத்துக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 2012இல் டக் போலி என்ற சக்கர நாற்காலிப் பயணி வெதர்பியிலிருந்து லீட்ஸ் போகும் பஸ்ஸில் ஏற முயன்றார். அந்த இடத்தில் ஒரு தாய், நித்திரையான பிள்ளையோடு வண்டிலை நிறுத்தியிருந்தார். மடிக்க முடியாது என்று சொன்னார். போலி இறங்க வேண்டியதாயிற்று. வழக்கு பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: வண்டிலை நகர்த்தும்படி கேட்பதோடு சாரதி நின்றுவிடக்கூடாது, மறுக்க நியாயம் இல்லையென்றால் இன்னும் வற்புறுத்த வேண்டும் என்று. அந்தத் தீர்ப்பு சரியென்றுதான் நினைக்கிறேன். ஆனால் கதையைக் கேட்டபோது என் மனம் வேறு இடத்துக்குப் போனது. அங்கே சில்லோடு வரும் இரண்டு பேர் ஓர் இடத்துக்காக வழக்காடுகிறார்கள். எங்கள் கல்முனை பஸ்ஸில் இருவருக்குமே இடமில்லை. வாசலில் மூன்று உயரப் படி. பிள்ளையோடு ஏறினால் யாராவது ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார். எங்கள் சனத்தின் மனம் நல்லது. வண்டிலுக்கு எழுந்து இடம் கொடுக்க யாராலும் முடியாது.

பெரிய வீதியின் கதையைச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு–கல்முனை வீதியில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தார், அதற்கப்பால் மணலும் கிறவலும். 76 சென்ரிமீற்றர் வண்டில் அந்த முழத்துக்குள் அடங்காது. ஒரு பக்கச் சில்லுகள் தாரிலும் மறுபக்கச் சில்லுகள் மணலிலும் ஓடும். வண்டில் தானாகவே மணல் பக்கம் இழுக்கும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். கச்சான் காலத்துப் பகலில் அந்தத் தாரின் வெக்கை முதலில் படுவது வண்டிலில் தாழ இருக்கும் பிள்ளையின் முகத்தில்தான். வெயிலுக்காகக் கூரையின் மேல் துணியைப் போர்த்தி மூடுகிறவர்களைக் காண்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று போறணை மாதிரிச் சூடேறும். காலை 9 மணிக்கு முன் போங்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின் போங்கள்.

இனி படிகளுக்கு வருகிறேன். ஆவணி நடுவில் பேத்திக்கு 2 மாதத்து ஊசி. பிள்ளைகளுக்கு நிறை பார்த்து ஊசி போடும் இடம் எதுவென்று பெயர் சொல்லப் போவதில்லை. இப்படிப் பல இடம் இருக்கிறது. வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் 6 அங்குலம். சரிவு இல்லை. தாய்மாருக்காகவும் குழந்தைகளுக்காகவுமே கட்டிய ஒரு கட்டடத்தின் வாசலில், தையலோடு வரும் தாய் இரண்டு பிள்ளைகளையும் எப்படி ஏற்றுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அப்படியான படிகளில் வருஷக்கணக்காக நிறைத் தராசைச் சுமந்து ஏறி இறங்கியவள் நான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தாய். அவளுடைய பிள்ளைக்கு 8 வயது இருக்கும். நடக்க முடியாத, கழுத்து நிற்காத பிள்ளை. இடுப்பில்தான் தூக்கி வந்திருந்தாள். பிள்ளையின் கால் அவளுடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சில்லு வைத்த நாற்காலி ஒன்று எங்கோ கொடுத்தார்களாம். மணலில் ஓடாது, படியில் ஏறாது என்று வீட்டில் கிடக்கிறதாம். அன்றிலிருந்து என் பேத்தியின் வண்டிலைப் பற்றி மட்டும் என்னால் யோசிக்க முடியவில்லை.

எங்கள் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களுக்குள் போய்வருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி உயர் நீதிமன்றம் போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓட்டிப்போன காரின் மேல் மரம் விழுந்து, பிறகு வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருந்தவர். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பக்கம் கட்டளையிட்டது. அவர் 2020இல் காலமானார். சக்கர நாற்காலிக்கு அவர் கேட்ட சரிவில் பிள்ளை வண்டிலும் ஏறும், கைத்தடி ஊன்றும் கிழவரும் ஏறுவார்.

கணக்கு எளிது. சரிவுப் பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். மூன்று படி 18 அங்குலம். ஆகவே 18 அடி நீளச் சரிவு, பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி. அந்த வாசலின் வலது பக்கத்தில் சுவரை ஒட்டி 22 அடி வெறும் நிலம் இருக்கிறது. என் நாடாவால் நானே அளந்தேன். உள்ளூராட்சித் தேர்தல் 2018க்குப் பிறகு 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. சபைக்குப் புதிதாகப் போனவர்கள் இருக்கிறார்கள். கொங்கிறீற் வீதி கேட்டுக் கடிதம் கொடுக்கும் நாங்கள், அந்த வீதி போய் முடிகிற வாசலில் 18 அடிச் சரிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அதன் ஓரத்தில் நடக்கத் தக்கதாக இறுகிய தரை கேட்பதை வேறு கடிதமாக எழுத வேண்டும். இரண்டையும் எழுதிவிட்டேன். மாதர் சங்கத்தில் கையெழுத்து வைக்கிறார்கள்.

நாங்கள் கடைசியில் என்ன வண்டில் எடுத்தோம் என்று கேட்பீர்கள். இரட்டை வண்டிலைக் கல்லடியில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குக் கொடுத்தோம். அவளுடைய வீதி கல் பதித்தது. மாலையில் பழைய கல்லடிப் பாலத்தில் தள்ளிக்கொண்டு போகிறாளாம். 2013இல் புதுப் பாலம் திறந்தபின் பழையதில் பெரிய வாகனங்கள் இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வாவி. அங்கே அது பொருத்தமான வண்டில். மூத்தவளுக்கும் மனம் ஆறியது.

எங்களுக்கு ஒற்றை வண்டில் ஒன்று, ஒருவர் பாவித்தது. மூன்று சில்லு, மூன்றும் காற்றடிக்கும் ரயர். பின் சில்லு 16 அங்குலம், முன் சில்லு 12. முன் சில்லைத் திரும்பாமல் பூட்டி விடலாம். மணலுக்கு அது அவசியம். நெருஞ்சி முள் ஏறினால் சைக்கிள் கடையில் ஒட்டித் தருகிறார்கள். அகலம் 61 சென்ரிமீற்றர், கேற்றால் போகிறது. அதில் இருப்பவன் பெரியவன். சின்னவள் துணியில், நெஞ்சில். முதல் இரண்டு மாதம் என் நெஞ்சில். தையல் ஆறிய பிறகு தாயின் நெஞ்சில். கட்டும் முறை மட்டும் கவனம்: பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், குனிந்தால் நெற்றியில் கொஞ்சக்கூடிய உயரம், தாடைக்குக் கீழே இரண்டு விரல் போகும் இடைவெளி, கால் இரண்டும் தவளை மாதிரி விரிந்து முழங்கால் உயர்ந்திருக்க வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கார் ரே என்ற டொக்டர், குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்கியூபேற்றர் பெட்டிகள் போதாமல் தவித்த வைத்தியசாலையில் நிறை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சிலேயே கட்டிவைத்துப் பார்த்தார். இன்று உலகம் முழுதும் அதைக் கங்காரு முறை என்று படிப்பிக்கிறார்கள். நாங்களும் படித்தோம். எங்கள் பாட்டிமாரின் சேலைத் தலைப்பில் அதன் பாதி முன்பே இருந்தது.

இளையவளின் மாமி வீடு அம்பிளாந்துறையில். துடக்கு கழிந்து சில கிழமைக்குப் பிறகு போனோம். பாதையில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டிலில் பட்டியால் கட்டிய பிள்ளையோடு தண்ணீர் கடக்காதீர்கள். பிரேக் போட்டாலும் தளம் சரியும், மோட்டார் சைக்கிள் இடிக்கும். பிள்ளையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வெறும் வண்டிலை ஓரத்தில் நிறுத்துங்கள். அன்று பேரனை நான்தான் வைத்திருந்தேன். பாதை ஓடத் தொடங்கியதும் வண்டிலைக் காட்டி “அது வரட்டும்” என்றான். “வருது எண்ட கிளி, நம்மளோடதான் வருது” என்றேன். கரை வரை அதன் கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

4 மாதத்து ஊசி ஐப்பசி பிறக்கும்போது. போன முறை பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு 6 அடித் தென்னம் பலகையைப் படிமேல் போட்டுப் பிடித்தார். 18 அங்குலத்துக்கு 6 அடி என்றால் செங்குத்துத்தான். இரண்டு பேர் தள்ளி ஒருவர் மேலிருந்து இழுத்தோம். வண்டில் ஏறியபின் அந்த 8 வயதுப் பிள்ளையின் தாய் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை இங்க வெச்சிட்டுப் போவிங்களா அம்மா?” என்று கேட்டாள். வைத்துவிட்டு வந்தோம். ஐப்பசியில் மழை தொடங்கும், பலகை வழுக்கும். குறுக்கே சட்டம் அடித்து இன்னும் நீளமான பலகை ஒன்று செய்து தரத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை வந்து அளப்பதாகச் சொன்னார்.